முதுகு காட்டி உட்கார்ந்தவர்

அவர் எந்தக் குழந்தையிடமும் "சாப்பிடு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. குழந்தைகள் மையத்தில் ஆயாவாக இருப்பவருக்கு இது சாதாரணக் குறை அல்ல. சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்களைச் சாப்பிட வைக்க வேண்டும் என்பதுதான் அந்த வேலை. முதல் இரண்டையும் குறைசொல்ல முடியாதபடி செய்வார். மூன்றாவதற்கு நேரம் வந்ததும் வாசலுக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். குழந்தைகளுக்கு அவர் முதுகுதான் தெரியும். அது அகலமான முதுகு.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில் இருபதுக்கும் மேற்பட்ட மையங்களுக்கு நான் மேற்பார்வையாளராக இருந்தேன். மனையியலில் முதுகலை படித்தவள். எந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முதல் ஆய்வில் அந்த முதுகைப் பார்த்தவுடன் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"ஏன் ஆயாம்மா, பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டிட்டு உட்காந்திருக்கீங்க?"

"பாத்தா துண்ணாதுங்க மேடம்."

அந்தப் பக்கத்துத் தாய்மார்களில் பலர், பிள்ளை சாப்பிடும்போது வெறித்துப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பார்கள். இதுவும் அதுதான் என்று முடிவு செய்து, "மூடநம்பிக்கை காரணமாகப் பயனாளிகளைக் கண்காணிப்பதில்லை" என்று எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டுவது என் வழக்கம். படித்தேன்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல மேடம்," என்றார். அப்போது மையத்தை நடத்தும் டீச்சர் எனக்கு டீ வரவழைத்திருந்தார். நான் டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். ஆயா என் எதிரே வந்து குந்தினார். என் வாயையே பார்த்தார். சிமிட்டாமல் பார்த்தார். ஒரு வாய் குடித்தேன், விழுங்க முடியவில்லை. இன்னொரு முறை தூக்கினேன். அவர் கழுத்தை நீட்டி, டம்ளருக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"குடிங்க மேடம். ஒடம்புக்கு நல்லது. இன்னும் ஒரே ஒரு வாயி. நல்ல பொண்ணுல்ல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். டீச்சர் தலை குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதைக் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன். மூடநம்பிக்கை என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டேன்.

ஆயாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். குழந்தைகளைக் கண்ணே, செல்லமே என்றெல்லாம் கொஞ்ச மாட்டார். கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் பேசுகிற குரலில்தான் பேசுவார். "தள்ளி குந்து." "மூக்க தொட." "தட்டு வர்து, கால மடக்கு." இதற்கு முன்பு காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவர். விரல் நுனிகள் அதனால் வெளிறிப்போயிருந்தன. பெயர் பதிவேட்டில் இருக்கிறது. நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இப்போதும் யாராவது விளக்கம் கேட்கக்கூடும்.

இரண்டாவது ஆய்வில் சிக்கியது தட்டு விஷயம். குழந்தைகளுக்காகப் புதிதாக வந்த வண்ணப் பிளாஸ்டிக் தட்டுகள், யானை படமும் முயல் படமும் போட்டவை, கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருந்தன. பரிமாறுவது பழைய எவர்சில்வர் தட்டுகளில்தான். இருப்புப் பதிவேட்டின்படி, வந்த பொருளைப் பயன்படுத்தாமல் வைப்பதும் ஒரு குற்றம்.

"பிளாஸ்டிக்குல சத்தம் வராது மேடம்," என்றார் வாளியின் மேல் உட்கார்ந்தபடியே.

"சத்தம் எதுக்கு?"

"நான் திரும்பிக்கினு கீறேன். காதுதான எனக்கு கண்ணு." தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "தோ, ஜன்னல் பக்கம் மூணாவது ஒண்ணு, முட்டையில மஞ்சள எட்த்து பாய்க்கு அடியில சொருவுது பாருங்க."

போய்ப் பாயைத் தூக்கினேன். மஞ்சள் கரு முழுசாக இருந்தது. பக்கத்தில் நேற்றையது ஒன்றும் இருந்தது. அதன் உரிமையாளரான நாலு வயதுக்காரர் என்னை மிகுந்த வெறுப்புடன் பார்த்தார். ஆயா திரும்பவே இல்லை, திட்டவும் இல்லை. சாப்பாடு முடிந்த பிறகு பாயை உதறியதோடு சரி. மறுநாளும் அந்தப் பையன் தட்டில் முழு முட்டையைத்தான் வைத்தார் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

எங்கள் பயிற்சி வகுப்பில் நான் ஒரு பாடம் நடத்துவேன். காய்கறி பிடிக்காத குழந்தைக்கு அதை ஒளித்துக் கொடுப்பது எப்படி என்பது தலைப்பு. கேரட்டை மசித்து உருளைக்கிழங்குக்குள் வைக்கலாம், கீரையை அரைத்து மாவில் கலக்கலாம். படங்களுடன் நடத்துவேன். கைதட்டலும் வரும். ஒருமுறை அந்த வகுப்புக்கு ஆயாக்களையும் அழைத்திருந்தோம். கேள்வி உண்டா என்று கேட்டபோது அவர் எழுந்தார்.

"ஒளிச்சி குட்த்தா ஒரு நாளு துண்ணும் மேடம். ரெண்டாம் நாளு கண்டுபுட்ச்சிரும். அப்பால கேரட்டும் துண்ணாது, உருளையும் துண்ணாது. என்னயும் நம்பாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். "அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன், கொஞ்சம் எரிச்சலுடன்தான்.

"நான் இன்னா பண்றது? வெப்பேன். அப்பால எட்த்துருவேன்."

அவர் செய்ததும் அதுதான். தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு பீன்ஸ் துண்டை வைப்பார். சோறோடு கலக்க மாட்டார். இது பீன்ஸ் என்று தெரியும்படி தனியாக இருக்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் விசித்திரமானவர்கள். மீன் முள்ளை இரண்டு வயதில் நாக்காலேயே பிரித்துத் துப்பத் தெரியும், பீன்ஸைக் கண்டால் அழுவார்கள். பீன்ஸ் தொடப்படாமல் திரும்பி வரும். மறுநாள் இன்னொன்று போகும். பத்து நாளோ இருபது நாளோ, அவர் எண்ணிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள் அந்தத் துண்டு திரும்பி வராது. யாரும் கைதட்ட மாட்டார்கள். அவர் கேட்கவும் மாட்டார்.

உணவு நேரம் தவறுகிறது என்பது நான் எழுதிய மூன்றாவது குறை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் வரிசைகட்டி நின்றுவிட்டால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். அது அடங்கும்வரை பரிமாற மாட்டார். சோறு ஆறிக்கொண்டிருக்கும், அவர் தட்டுகளில் படிந்த நிலக்கரித் தூசியைத் துணியால் இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருப்பார்.

இத்தனையும் எங்கே கற்றார் என்று ஒரு நாள் கேட்டேன். அன்று மழை, பிள்ளைகள் போய்விட்டார்கள், எனக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை.

"என் புள்ளகிட்ட," என்றார்.

ஒரே மகன். சின்ன வயதில் எதையும் சாப்பிட மாட்டானாம். "மடியில போட்டு, மூக்க புட்ச்சி, வாய தொறக்கவெச்சி ஊட்டுவேன். பலம் கீதுல்ல எனக்கு. கக்குவான், அதயும் வயிச்சி திரும்ப ஊட்டுவேன். கொழுகொழுன்னு கீறான்னு தெருவே சொல்லும். இப்ப இருவத்திரெண்டு வயசு, ஹார்பர்ல வேல. என் முன்னாடி ஒரு வாயி சோறு துண்ண மாட்டான் மேடம். கோவம்லாம் இல்ல. பாசமாதான் பேசுவான். ஆனா நான் வூட்ல கீற வரிக்கும் தட்டுல கை வெக்க மாட்டான். போட்டு மூடி வெச்சிட்டு நான் தெருவுல போய் நிப்பேன். தட்டு கழுவுற சத்தம் கேட்டாதான் உள்ள போவேன்."

மழை எப்போது விடும் என்று பேசுகிற அதே குரலில்தான் இதையும் சொன்னார். நான் ஆட்டோ வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

தன்ஷிகா வந்தது அதற்குப் பிறகுதான். மூன்றரை வயது. அவள் அம்மா ரேவதிக்குக் கண்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை, காலியான பெட்டிகளைக் கூட்டிக் கழுவுவது. தன்ஷிகாவின் உணவு இரண்டு: டீயில் நனைத்த ரஸ்க், பாக்கெட் சிப்ஸ். அதையும் வீட்டில் செல்போனில் பொம்மைப் படம் ஓடினால்தான் வாய் திறந்து வாங்குவாள். முதல் மாத எடை பத்து கிலோ. வளர்ச்சி அட்டையில் புள்ளி சிவப்புப் பகுதியில் விழுந்தது. இரண்டாவது மாதம் ஒன்பது கிலோ தொள்ளாயிரம்.

விதி தெளிவானது. மூன்றாவது மாதமும் தேறாவிட்டால் அரசு மருத்துவமனையின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குப் பரிந்துரைப் படிவம் எழுத வேண்டும். குழந்தை பதினான்கு நாள் அங்கே தங்க வேண்டும், தாய் கூடவே இருக்க வேண்டும். நல்ல விதிதான். அதை நானே பல தாய்மார்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

"பதினாலு நாளா?" என்றாள் ரேவதி. "ரெண்டு நாள் போவலன்னாலே வேற ஆள போட்டுருவான் மேடம். அப்பால இவ தேறி வந்து இன்னாத்த துண்ணுவா?"

"குழந்தையைவிட வேலை முக்கியமா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க வேண்டும் என்பதும் எங்கள் நடைமுறைதான். அவள் ஆயாவைப் பார்த்தாள். ஆயா தட்டு துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் கீதுல்ல," என்றார் ஆயா. "வூட்ல இன்னாத்தனா குடு. காலைல மட்டும் ரஸ்க்கு குடுக்காத. பசியோட இட்டுனு வா."

அந்த மாதத் தொடக்கத்தில் நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை போனேன். முதலில் சில நாள் தன்ஷிகா தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரில் வரைந்திருந்த சிரிக்கும் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு போனது, தட்டு வந்தது. ஆயா எனக்கு அறிக்கை கொடுப்பார். "இன்னிக்கு தட்ட தள்ளல மேடம்." அடுத்த முறை, "இன்னிக்கு மோந்து பாத்துச்சு." அதற்கடுத்து, "ஒரே ஒரு பருக்கை. பக்கத்துல கீறவன் தட்டுலேந்து." எந்தப் பதிவேட்டிலும் மோந்து பார்த்ததற்குக் கட்டம் இல்லை. நான் எழுதவில்லை, ஆனால் நினைவில் வைத்துக்கொண்டேன். தினமும் இரண்டு கவளம் என்ற நிலைக்கு அவள் வந்தபோது புதிய சுற்றறிக்கை வந்தது.

ஒவ்வொரு குழந்தையும் உணவு உண்ணும் படத்தை, முகம் தெரிய, பகல் பன்னிரண்டரைக்குள் செல்போன் வழியாக அனுப்ப வேண்டும். டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் போனார். மற்ற பிள்ளைகள் பல்லைக் காட்டினார்கள். தன்ஷிகாவின் கை பாதி வழியில் நின்றது. வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் போனையே பார்த்தாள்.

"பொம்ம போடு," என்றாள்.

டீச்சர் போடவில்லை. தன்ஷிகா வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, தட்டைக் காலால் உதைத்துவிட்டு, போன் வேண்டும் என்று ஒரு மணி நேரம் அழுதாள். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாளிலிருந்து போன் இல்லாவிட்டாலும் தட்டைத் தொடவில்லை, டீச்சர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் வந்த படங்களைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாப் படங்களிலும் ஒரே பச்சைச் சேலைதான் இருந்தது. டீச்சர் போனைத் தூக்கும்போதெல்லாம் ஆயா எழுந்து போய் நடுவில் நின்றிருக்கிறார். பதினெட்டு குழந்தைகளுக்குப் பதினெட்டு முதுகு.

முகம் தெரியும் படம் வராத மையங்களின் பட்டியலில் என் மையம் முதலில் நின்றது. நான் ஆயாவுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினேன். மூன்று நாளில் எழுத்துமூலம் பதில் வேண்டும், தவறினால் மேல்நடவடிக்கை. அப்படி ஒன்றை எழுதுவது எனக்குச் சிரமமே இல்லை. அவர் எட்டாவது வரை படித்தவர். நோட்டுத் தாளில் பதில் வந்தது:

"போட்டோ எடுத்தால் துண்ணாது. துண்ணும்போது போட்டோ எடுக்க முடியாது. மேடத்துக்கு எது வேணும் என்று சொன்னால் அதை செய்கிறேன்."

இரண்டு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்திருந்தேன். இதற்கு விதிகளில் பதில் இருக்கும் என்று சுற்றறிக்கையை மறுபடி படித்தேன். ஆறாவது பக்கத்தின் அடியில் இருந்தது: செல்போன் தொடர்பு கிடைக்காத மையங்கள், மேற்பார்வையாளரின் சான்றின் பேரில், படத்துக்குப் பதிலாகப் பதிவேட்டு நகலை அனுப்பலாம். நான் சான்று எழுதினேன். மையத்துக்கு அடுத்த கட்டடத்தின் மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் நின்றது. பணிக்காலத்தில் நான் எழுதிய பொய்ச் சான்று அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை நாளுக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. டீச்சர் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். ரேவதியிடம் ஆயா என்ன சொன்னாரோ, வீட்டிலும் போன் பீரோவுக்குள் போனதாகக் கேள்வி. அந்தப் பன்னிரண்டு நாளும் வேண்டுமென்றே நான் அங்கே போகவில்லை.

எடை நாளன்று பரிந்துரைப் படிவத்தை முழுக்க நிரப்பிக்கொண்டு போனேன். கையெழுத்து மட்டும் பாக்கி. ரேவதி வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்து, கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. தன்ஷிகாவைச் செருப்பு, சட்டை, கொலுசு எல்லாம் கழற்றி இயந்திரத்தில் நிறுத்தினோம். பத்து கிலோ நூறு.

இருநூறு கிராம் ஏறியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் அவ்வளவு ஏறும். புள்ளி இன்னமும் சிவப்பில்தான். எடை உண்மையாகவே ஏறுமுகத்தில் இருந்தால் இன்னொரு மாதம் மையத்திலேயே வைத்துக்கொள்ள மேற்பார்வையாளருக்கு அதிகாரம் உண்டு. ஏறுமுகமா, ஒரு டம்ளர் தண்ணீரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விதி சொல்லவில்லை. தவறாக முடிவு செய்தால் கெடுவது ஒரு குழந்தையின் உடம்பு, அல்லது ஒரு வீட்டின் அடுப்பு. பேனாவைத் திறந்தேன்.

"எது எய்துறதா இருந்தாலும் சோறு போட்டப்பறம் எய்துங்க மேடம்," என்றார் ஆயா. "ஆனா உள்ள குந்தாதீங்க."

அன்றைக்குச் சோறு, அதே பாத்திரத்தில் ஒரு பக்கமாகக் கீரை, கூடவே முட்டை. பரிமாறிவிட்டு வந்து வாளியில் உட்கார்ந்தார். எனக்கு இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். டீச்சரும் வந்து படியில் உட்கார்ந்தார். மூன்று பெரியவர்கள் தெருவில் நிற்கும் லாரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எதிரே கேட்டைப் பிடித்துக்கொண்டு ரேவதி நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து உள்ளே தெரியும். எட்டிப் பார்க்கப் போனாள்.

"ஏய் ரேவதி, அந்தாண்ட திரும்பு," என்றார் ஆயா.

அவள் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. ஆயா தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. "மேடம்," என்றார், அவ்வளவுதான். ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் டிரைவரைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஒரு தட்டு தரையில் இழுபட்டது. பிறகு எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரல், சண்டைக்கு வருவதுபோல:

"ஆயா. இன்னும் போடு. கீரை இல்லாத சைடுலேந்து போடு."

ஆயா உடனே எழவில்லை. முழங்காலில் கை ஊன்றி மெதுவாக எழுந்து, உள்ளே போனார். கரண்டியால் ஒரு முறை அள்ளிப் போட்ட சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து போட்டார் என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். பின்னால் மறுபடி தட்டுச் சத்தம் தொடங்கியது.

நான் கேட்டுக்குப் போனேன். ரேவதி இன்னும் சாலையைப் பார்த்தே நின்றாள்.

"வேலைக்குப் போம்மா. இன்னொரு மாசம் இங்கேயே பார்க்கலாம்."

"துண்ணாளா? நீங்க பாத்தீங்களா மேடம்?"

"பார்க்கல," என்றேன். "ரெண்டாம் தடவை வாங்கினா."

அவள் ஷேர் ஆட்டோவை நோக்கி ஓடினாள். வரிசை எண் இட்ட படிவங்களைக் கிழிக்கக் கூடாது. உள்ளே வந்து, அந்தப் படிவத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.